ஈரத்தை மேலே வைத்தல்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் கருஞ்சீரக எண்ணெய்க்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைப் பகிர்ந்தார்கள். உச்சியில் பச்சை மையில் ஒரு ஹதீஸ். கீழே சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல், வாதம், புற்றுநோய் என்று நீண்ட பட்டியல். அடியில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில் 'உணவுக் குறைநிரப்பி' என்றிருந்தது.

அந்தப் பிரசுரத்தின் தமிழைத் திருத்திக் கொடுத்தவன் நான். கடைக்காரர் தெரிந்தவர். "சேர், பிழை பார்த்துத் தாங்க" என்று கொண்டு வந்தார். ஒற்றுப் பிழைகளைக் களைந்தேன். 'குணமாகும்' என்று தட்டையாக முடிந்த வசனத்தை 'இன்ஷா அல்லாஹ் பூரண குணம் பெறலாம்' என்று மாற்றினேன். ஓசை நன்றாக இருந்தது.

என் ராத்தா அதை வாசித்துவிட்டு குளிசையை நிறுத்தியிருக்கிறா. மூன்று மாதம். கிளினிக்குக்கும் போகவில்லை. காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தார்கள்.

இதில் பொய் சொன்னது யார்? கருஞ்சீரகத்தில் மரணம் தவிர்ந்த எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டென்ற கருத்தில் வரும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. குளிசையை நிறுத்தச் சொல்லி பிரசுரத்தில் ஓர் எழுத்தும் இல்லை. எனது 'இன்ஷா அல்லாஹ்' கூட பொய்யல்ல. தனித்தனியாக எடுத்தால் எல்லாம் சுத்தம்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்ட சம்பவத்தை அப்போதுதான் திரும்ப யோசித்தேன். விரல்களில் ஈரம் பட்டது. மழை பெய்தது என்றார் வியாபாரி. அதுவும் உண்மைதான். ஜனங்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்பதே நபியவர்களின் கேள்வி. அங்கே மோசடி சொல்லில் இல்லை, அடுக்கில் இருந்தது. எங்கள் பிரசுரமும் அடுக்குத்தான். ஹதீஸ் மேலே, ஈரம் அடியில்.

அந்த ஹதீஸை ஆலிம்கள் எப்படி வாசித்தார்கள் என்பதைப் பிரசுரம் சொல்லவில்லை. இப்னுல் கையிம் தமது 'ஸாதுல் மஆதி'ல், ஆத் கூட்டத்தாரின் மீது வீசிய காற்று எல்லாவற்றையும் அழித்தது என்ற குர்ஆன் வசனத்தோடு இதை ஒப்பிடுகிறார். அழியக்கூடியவற்றை அழித்தது என்பதே அங்கு பொருள். 'எல்லாம்' என்பது பேச்சுவழக்கின் எல்லாம். புகாரியின் ஓர் அறிவிப்பில், வழியில் நோயுற்ற ஒருவருக்கு ஐந்து அல்லது ஏழு விதைகளை அரைத்து எண்ணெயில் கலந்து மூக்கில் சொட்டுவிடச் சொல்லப்படுகிறது. ஒரு நோயாளி, ஓர் அளவு, ஒரு முறை. இப்னு கல்தூனோ 'முகத்திமா'வில் இன்னும் துணிந்து, நபியவர்கள் அனுப்பப்பட்டது மார்க்கத்தைக் கற்பிக்க, மருத்துவத்தைக் கற்பிக்க அல்ல என்ற கருத்தை எழுதிவிட்டார். கருஞ்சீரகம் இரத்தச் சீனியைச் சற்றுக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் உண்டு. சற்றுக் குறைப்பது வேறு, மருந்துக்குப் பதிலாக நிற்பது வேறு.

2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது நாங்கள் சிரித்தோம். காளி அருளிய செய்முறை என்றார் அதைக் காய்ச்சியவர். பகிரங்கமாக அதைக் குடித்த சுகாதார அமைச்சருக்கு 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. அப்போது எங்கள் வீட்டு அலுமாரியில் கருஞ்சீரகப் போத்தல் இருந்தது.

மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்தவர் அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்றும் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. அதைப் பச்சை மையில் அச்சடித்தவர்களை நான் கண்டதில்லை. வைத்தியம் செய்தவருக்குப் பொறுப்பென்றால், வசனத்தைச் செப்பனிட்டவனுக்கு? நாங்கள் எழுத்தாளர்கள். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கடை விளம்பரம் எல்லாம் எங்களிடம் வருகின்றன. கருத்துக்கு நான் பொறுப்பல்ல, மொழிக்குத்தான் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ராத்தாவை வசப்படுத்தியது மொழிதான்.

கடைக்காரர் அடுத்த பிரசுரத்தோடு வந்தார். 'டொக்டர் தந்த குளிசையை நிறுத்த வேண்டாம்' என்பதை ஹதீஸுக்கு நேர் கீழே பெரிய எழுத்தில் போடுவோம் என்றேன். "அப்படிப் போட்டா ஆர் சேர் வாங்குவாங்க?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு யாரோ திருத்தி அச்சாகிவிட்டது. இம்முறை ஒற்றுப் பிழைகள் அதிகம்.

ராத்தாவிடம் பிரசுரத்தைத் திருத்தியது நான்தான் என்று சொன்னேன். அவ கோபப்படவில்லை. "மருந்தில என்ன பிழை தம்பி, எனக்குத்தான் ஈமான் காணாது" என்றா. காலை மூடியிருந்த சாரனை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டா.