முதல் அடி யாருக்குச் சொந்தம்?

கம்பம் பள்ளத்தாக்கில் கோவில் மணிக்கு முன்பே விடியலை அறிவித்துவிடுவது ஜீப்புகளின் இரைச்சல். காலைத் திருப்பலிக்கு முதல் மணி அடிக்கும் முன்னரே, கையில் தூக்குவாளியும் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையுமாகப் பெண்கள் தெருமுனையில் கூடிவிடுவார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய மலைவழிகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் களை எடுத்து, காய் பறித்து, மாலையில் இறங்கி வருவார்கள். மே மாதத்தில் அதே பாதையில் வேறு வண்டிகளும் ஏறுகின்றன. தேக்கடியில் படகேறவும், மலைக்காற்று வாங்கவும் கைக்குழந்தைகளோடு வருகிற இளங்குடும்பங்கள் அவை. ஒரு கொண்டை ஊசி வளைவில் இவ்விருவகை வண்டிகளும் ஒன்றுக்கொன்று ஒதுங்கி வழிவிட்டதை ஒருமுறை பார்த்தேன். ஒன்றில் தாயின் மடியில் குழந்தை இருந்தது. மற்றொன்றில் தாய்மார் மட்டுமே இருந்தார்கள்.

அந்தத் தாய்மாருள் ஒருத்தியின் வீட்டில் நடந்த ஒரு சிறு செய்தியைப் பற்றி எழுத விரும்புகிறேன். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. உரியவர்களின் இசைவோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

கணவன் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுபவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. மனைவி மலைக்குப் போகிறவள். குழந்தையை வளர்ப்பது அப்பத்தா. குழந்தைக்குப் பதினொரு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு முற்பகலில், வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலைப் பிடித்து நின்றவன் கையை விட்டுவிட்டு மூன்று அடி வைத்து ஆட்டுக்கல்லைப் பிடித்திருக்கிறான். பார்த்தவர் அப்பத்தா ஒருவர்தான். மாலையில் மருமகள் வந்து வாசலில் உட்கார்ந்ததும் பிள்ளை மீண்டும் எழுந்து நின்றது. தள்ளாடி நான்கடி வைத்து அவள் மடியில் விழுந்தது. "அத்தே! பாத்தீங்களா? மொதல் அடியே என்னப் பாத்து வச்சிட்டான்!" என்று அவள் கத்தினாள். அப்பத்தா ஒரு கணம் தயங்கினார். பிறகு சொன்னார்: "ஆமா தாயி."

அவ்வளவுதான் செய்தி. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். முதல் மூன்றடிக்கும் மாலையில் வைத்த நான்கடிக்கும் இடையே என்ன வேறுபாடு? ஆனால் 'முதல்' என்பதை மதிக்கத் தெரிந்த மண் இது. 1895 அக்டோபர் 10-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டதை இன்றளவும் பேசுகிறோம். அதைக் கட்டிய பென்னிகுக் பிறந்த சனவரி 15-ஆம் நாளில் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைக்கூட இடுகிறோம். அந்நாளுக்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் நாள்கள் தண்ணீர் வந்தாயிற்று. ஆயினும், வருமோ வராதோ என்றிருந்தது வந்துவிட்ட அந்த ஒரு நாளைத்தானே நினைவில் வைத்திருக்கிறோம்! குழந்தையின் முதல் பல், முதல் சொல், முதல் அடி எல்லாம் ஒரு வீட்டுக்கு அப்படிப்பட்டவைதாம். அவற்றைக் கண்ணால் கண்டவர் அதைத் தம் சொத்தாகவே வைத்துக்கொள்கிறார்.

சில மாதங்கள் கழித்து, மே விடுமுறைக்குக் குடும்பத்தோடு வேளாங்கண்ணி சென்று பிள்ளைக்கு முடியெடுக்க ஏற்பாடாயிற்று. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் அப்பத்தா பங்கு இல்லத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "சாமி, அவ சந்தோசத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன். ஆனா அவ மலைக்கு வர்ற பொம்பளைங்க கிட்டயெல்லாம் அதச் சொல்லிப் பூரிக்கிறப்ப எனக்கு வயித்தக் கலக்குது. அது பொய்தானே சாமி? மாதா கோவிலுக்குப் போறதுக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லிறணுமா?"

குருமடத்தில் ஒழுக்க இறையியல் படித்தவனுக்கு இது தெரிந்த கேள்விதான். புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி இரு நூல்கள் எழுதினார், முதலாவது கி.பி. 395-ஐ ஒட்டியது, மற்றது 420-ஐ ஒட்டியது. முதல் நூலில் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, எந்த வகைக்கும் அவர் இடம் தரவில்லை. எகிப்தில் எபிரேய ஆண் குழந்தைகளைக் காப்பாற்றப் பார்வோனிடம் பொய்க் காரணம் சொன்ன மருத்துவப் பெண்களுக்குக் கடவுள் நன்மை செய்தாரே என்று கேட்டால், அது அவர்களது இரக்கத்துக்குக் கிடைத்த பரிசு, பொய்க்குக் கிடைத்ததன்று என்பார். அக்குவினா தோமா சற்று இளகியவர். தீங்கு செய்யும் பொய், விளையாட்டுப் பொய், உதவும் பொய் என மூன்றாக வகுத்து, பின்னிரண்டையும் பொதுவாகச் சாவான பாவத்தில் சேர்க்காமல் விட்டார். பொய் சொல்லலாகாது; ஆனால் உண்மையை விவேகத்தோடு மறைத்து வைக்கலாம் என்றும் ஒரு வாசலைத் திறந்து வைத்தார். ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1797-இல் எழுதிய கட்டுரையில் அந்த வாசலருகே யாரையும் விடவில்லை. கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் கூடாதென்றார். அவரை அந்தத் திண்ணையில் அப்பத்தாவின் எதிரே உட்கார வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

நம் வள்ளுவரோ வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். வீரமாமுனிவர் 1730-ஆம் ஆண்டளவில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். இயேசு சபைக் குருவாக ஒழுக்க இறையியல் கற்ற அந்த இத்தாலியர் இக்குறளுக்கு வந்தபோது எழுதுகோலைச் சற்று நிறுத்தியிருப்பாரோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அன்று எனக்கு வள்ளுவரும் தோமாவும் கைகொடுத்தார்கள். "பாட்டி, நீங்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. சொல்லி அந்தப் பிள்ளையின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம். பேசாமல் போய் வாருங்கள்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். நல்ல யோசனை சொன்னதாகவே நான் எண்ணியிருந்தேன்.

அவர்கள் தேனிக்கு வந்து, மதுரை வரை தொடர்வண்டியில் போனார்கள். போடி–மதுரை மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. தேனி வரை மீண்டும் வண்டி வர 2022 மே 26 வரையிலும், போடிக்கு வர 2023 சூன் வரையிலும் காத்திருந்தோம். இடையில் வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தண்டவாளத்தைப் பார்த்தார்களே தவிர வண்டியைப் பார்க்கவில்லை. அப்பத்தா தம் மகனைச் சிறுவனாக மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பழைய வண்டியில் போனவர். இப்போது பேரனை வைத்துக்கொண்டு சன்னலோரம் அமர்ந்திருக்கிறார். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது மருமகள், எதிரே அமர்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணிடம் மறுபடியும் அந்த முதல் அடிக் கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். பெரியவரால் பொறுக்க முடியவில்லை. உசிலம்பட்டி வருவதற்குள் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த பின் மருமகளே என்னிடம் வந்தாள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை இடுப்பில் இருந்தான். அவள் அழவில்லை, கோபமும் கலந்திருந்தது. "அவன் நடந்ததப் பாக்கலேங்கிறதுகூடப் பரவாயில்ல சாமி. நான் பாக்கலேங்கிறதே எனக்குத் தெரியாமப் போச்சே. இத்தன மாசமா எதையும் விட்டுப்புடலேன்னு நெனச்சுக்கிட்டு மலைக்குப் போயிட்டு வந்திருக்கேன்." சற்று நிறுத்திவிட்டு, "நீங்களும் சொல்ல வேணாம்னுதான் சொன்னீங்களாமே?" என்றாள்.

முப்பது ஆண்டு குருத்துவ வாழ்வில் இப்படி ஒரு கேள்விக்கு முன் நான் வாயடைத்து நின்றது அரிது. வள்ளுவர் மேல் பிழையில்லை. குற்றமற்ற நன்மை என்றுதான் அவர் சொன்னார். அது குற்றமற்றதா என்று முடிவு செய்தவர்கள் அப்பத்தாவும் நானும். யாருடைய நன்மையோ அவளைக் கேட்கவே இல்லை. அவளுக்கு ஓர் இழப்பு நேர்ந்திருந்தது. அந்த இழப்பு அவளுக்கு உரியது. அதை அறிந்து வருந்தும் உரிமையும் அவளுக்கே உரியது. நாங்கள் அன்பின் பெயரால் அதை அவளிடமிருந்து எடுத்து ஒளித்து வைத்தோம்.

இன்னொன்றையும் சேர்த்து ஒளித்தோம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது: மலைக்குப் போவதற்கு அவள் கொடுக்கும் விலை. கூலி எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். போடியில் ஏலக்காய் ஏலம் போகும் விலையும் தெரியும். ஒரு கைக்குழந்தையின் தாய் விடியுமுன் ஏறிப்போய் அந்தியில் இறங்குவதில் எவையெல்லாம் கைநழுவுகின்றன என்பதை மட்டும் கணக்கில் எழுத யாருமில்லை. அந்தக் கணக்கை அவளே பார்க்க முடியாதபடி செய்துவிட்டால், மற்றவர்களுக்கு எவ்வளவு நிம்மதி! திருக்குடும்ப விழாவன்று குடும்ப ஒற்றுமை பற்றி மறையுரை ஆற்றும் எனக்கும் அந்த நிம்மதியில் பங்கு இருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. நாள்தோறும் மாநில எல்லையைத் தாண்டி, இன்று ஒரு தோட்டம் நாளை ஒரு தோட்டம் என்று போகிறவளுக்கு அது எட்டியதில்லை. எட்டினாலும், நெரிசலான ஜீப்பில் எந்தத் தாய் கைக்குழந்தையை ஏற்றிக்கொண்டு போவாள்?

வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று எளிதாகச் சொல்பவர்களுக்கு 2020-ஐ நினைவூட்ட வேண்டும். ஊரடங்கில் எல்லை மூடப்பட்டது. அன்றாடம் மலைக்குப் போவது பல மாதங்கள் நின்றது. அந்த மாதங்களில் நடை பழகிய பிள்ளைகளின் முதல் அடியைத் தாய்மார் வீட்டில் இருந்து கண்ணாரக் கண்டார்கள். அந்த வீடுகளின் அரிசிப் பானையை நானும் கண்டேன்.

குழந்தையின் பக்கம் நின்றும் இதைப் பார்க்கவேண்டும். அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலில், தம் மழலைப் பருவம் எதுவும் தமக்கு நினைவில்லை, பிறர் சொல்லியே அறிந்தேன் என்கிறார். தம் பெற்றோர் இன்னார் என்பதையே பிறர் சொல்லை நம்பித்தான் அறிந்ததாகவும் அதே நூலில் வேறோரிடத்தில் எழுதுகிறார். நம் எல்லாருக்கும் இதுவே நிலை. வேளாங்கண்ணியில் மொட்டையடித்ததும், வண்டியின் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்ததும் இந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கப்போவதில்லை. எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட நாசரேத்துக் குழந்தையும் அந்தப் பயணத்தைத் தாய் சொல்லியே அறிந்திருக்கவேண்டும். நம் வாழ்வின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேறு ஏடு இல்லை. பார்த்தவர்களின் வாய்தான் ஏடு. இப்போது செல்பேசியில் படம் இருக்கிறதே என்பீர்கள். அந்த முற்பகலில் அப்பத்தாவின் கையில் அது இல்லை, இருந்தது கீரைக்கட்டு. நாளை அவன், "நான் முதலில் யாரைப் பார்த்து நடந்தேன்?" என்று கேட்டால் இரண்டு கதைகள் கிடைக்கக்கூடாது.

மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பத்தாவை மன்னிக்கும்படி நான் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. சில நாள் பேச்சுக் குறைந்திருந்தது, பிறகு சரியாயிற்று என்று கேள்விப்பட்டேன். மாமியார் மருமகள் உறவில் இதைவிடச் சிறிய காரணங்களுக்கு ஆண்டுக்கணக்கில் அடுப்பு பிரிந்ததை நாம் அறிவோம்.

அண்மையில் நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற ஒரு மாலையில் அந்த வீட்டைக் கடக்க நேர்ந்தது. மழைக்காலம். மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தவள் வாசற்படியில் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழப்போனவளை உட்காரச் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் எனக்கும் இடம் கிடைத்தது. அவள் மாமியாரிடம், "சொல்லுங்க அத்தே, இன்னைக்கு நான் என்னென்ன பாக்கல?" என்று கேட்டாள். நாள்தோறும் இப்படித்தான் கேட்கிறாளாம். அப்பத்தா விரல்விட்டு எண்ணிக்கொண்டு சொன்னார்: கோழிக்குஞ்சைத் துரத்தினான், இரண்டு இட்லி தின்றான், கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டு அழுதான்.

"அப்பறம், புதுசா ஒரு வார்த்த சொன்னான்."

"என்னது?"

"ஜீப்புன்னான்."

அவள் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "எப்போ?"

"காலைல, நீ ஏறிப் போன பொறகு."