போர்க்கடவுளுக்குப் புறா தூதர்!

 

ஜப்பானில் காமகுரா என்று ஒரு ஊர். டோக்கியோவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஆபீஸ் வேலையா போனப்போ, ஒரு சனிக்கிழமை அங்கே இருக்கும் ஹச்சிமான் கோயிலுக்குப் போனேன். ஷிண்டோ மதத்துல ஹச்சிமான்தான் போர்க்கடவுள். சாமுராய் வீரர்களான மினமோட்டோ குலத்துக்குக் காவல் தெய்வம். 1063-ல் கடற்கரைப் பக்கம் ஆரம்பிச்ச கோயிலை, 1180-ல் யோரிடோமோ இப்போ இருக்கிற மலையடிவாரத்துக்கு மாற்றினார். பின்னாடி ஷோகுன் ஆகி நாட்டையே ஆண்டவர் அவர்.

கை, வாய் கழுவிட்டுத்தான் உள்ளே போகணும். பெரிய படிக்கட்டுல 61 படி. (பழநி ஏறினவங்களுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா!) மேலே பெயர்ப்பலகையைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன். ஹச்சிமான் பெயரில் முதல் எழுத்தை ரெண்டு புறாவா வரைஞ்சிருக்காங்க. ஆமா, போர்க்கடவுளுக்குத் தூதர் புறாதான். சந்நிதியில் ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, திரும்ப ஒரு தடவை குனிஞ்சு கும்பிடணும்.

இறங்கும்போது அந்தப் படிகளோட கதை ஞாபகம் வந்தது. 1219, பனி கொட்டின ஒரு ராத்திரி. யோரிடோமோவின் மகன் சனேடோமோ, பெரிய பதவி கிடைச்சதுக்கு நன்றி சொல்ல இங்கே வந்தார். கும்பிட்டுத் திரும்பும்போது வெட்டிக் கொன்னாங்க. கொன்னது யார் தெரியுமா? சொந்த அண்ணன் மகன் குகியோ. அதுவும் அந்தக் கோயிலோட தலைமைத் துறவி! அப்பாவோட சாவுக்குப் பழி. அன்னிக்கே அவனும் கொல்லப்பட்டான். மினமோட்டோ ஷோகுன் வம்சம் மூணே பேரோடு முடிஞ்சுபோச்சு.

தினமும் போர்க்கடவுள் பக்கத்திலேயே இருந்தவன்ங்க அவன். புறாவை விட்டுட்டு வாளை மட்டும் எடுத்துக்கிட்டான். நாமளும் வேல் முன்னாடி நின்னு, "அவன் விழணும் முருகா"ன்னு மனசுக்குள்ள சொல்றதில்லையா? சூரனையே மயிலாவும் சேவலாவும் தன்கிட்ட வெச்சுக்கிட்டவர்கிட்டப் போய் இப்படிக் கேட்கிறோம்!

குகியோ ஒளிஞ்சிருந்ததா சொல்லப்படும் பெரிய ஜிங்கோ மரம் படிக்கட்டு ஓரமாவே இருந்தது. 2010 மார்ச்சில் காத்துல சாஞ்சிடுச்சு. அடிமரத்தை வெட்டிப் பக்கத்துலயே நட்டாங்க. பழைய வேர்ல இருந்து முளைச்ச கன்று, இப்போ அதே இடத்துல வளர்ந்து நிக்குது.