சும்மா இருக்க ஒரு கரை

படித்து, வேலைக்குப் போகும் பெண்ணின் தனிப் பயணத்தை இன்று பல வீடுகள் ஏற்றுக்கொள்கின்றன. தேர்வு எழுதப் போகலாம், பயிலரங்குக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். சும்மா இருந்துவிட்டு வரப் போகிறேன் என்றால்தான் வீடு திடுக்கிடுகிறது. மும்பையை ஆராய்ந்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல் 2011இல் வந்தது. பொது இடத்தில் நிற்கும் பெண், தனக்கு அங்கே ஏதோ வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. காரணமின்றிச் சுற்றும் உரிமையைத்தான் பெண்கள் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. பின்னொரு விடுமுறையில் அந்தக் கப்பலேறி, இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஒரு ரிசார்ட்டில் நான்கு நாள் தனியாகத் தங்கினேன். புறப்படும் முன் கல்லூரியில் கேட்டார்கள்: “கான்ஃபரன்ஸா மேடம்? சாரும் வர்றாங்கதானே?” கிளிஞ்சல்மேட்டில் என் சித்தி கேட்டது வேறு. “ஏன் பாப்பா, காசு குடுத்துப் பாக்குற அளவுக்கு அது என்ன கடலு? நம்ம வாசல்ல கெடக்குறது கடல் இல்லயா?”

முதல் கேள்விகளுக்கு நமக்குப் பதில் பழகிவிட்டது. சித்தியின் கேள்விக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. மீன்காரியின் மகள், கடலோரத்தில் சும்மா உட்கார இன்னொரு நாட்டில் ஏன் பணம் கட்ட வேண்டும்?

வகுப்பில் நெய்தல் நடத்தும்போதெல்லாம் இது என் எதிரே வந்து நிற்கும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அவன் போகிறான், அவள் கரையிலிருந்து வருந்துகிறாள். பெண்ணோடு கடல்வழிச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாடல்களில் பெண்கள் கடலாடுகிறார்கள், மணலில் சிற்றில் கட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் அது தோழியரோடு ஆடும் இளம்பருவத்து ஆட்டம். பிறகு இற்செறிப்பு வந்துவிடுகிறது. அதற்குமேல் அவள் கரைக்கு வர, மீன் உணங்கலைக் காப்பதோ அவனுக்காகக் காத்திருப்பதோ ஒரு காரணமாக வேண்டும்.

தனியாகப் புறப்பட்டுப் போன ஒருத்தி எங்கள் காரைக்காலிலேயே இருக்கிறார். ஆனி மாதந்தோறும் மாங்கனித் திருவிழாவில் நாம் கொண்டாடும் புனிதவதி. பெரியபுராணம் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். கணவன் விலகிப் போனபின், அவனுக்காகத் தாங்கிய உடலின் அழகைக் கழற்றிவிட்டுப் பேயுருவைக் கேட்டுப் பெறுகிறார். அதன்பின்தான் கயிலைக்குத் தனியே போகிறார். பெண்ணுடல் என்று பிறர் பார்க்கும் எதுவும் மிஞ்சாதபோதுதான் வழி திறந்தது. அப்போதும் போன காரியம் இறைவனைக் காண்பது. அதைவிடப் பெரிய காரணம் எதைச் சொல்ல முடியும்? இளைப்பாறப் போன பெண்ணுக்கு அப்படியொரு திருவிழா எடுப்போமா?

ரிசார்ட்டில் நான் எதற்குப் பணம் கொடுத்தேன் என்று அங்கேயே எண்ணிப் பார்த்தேன். அலைக்கு விலையில்லை. மதிலுக்கும், வாசல் காவலுக்கும், யாரும் எதுவும் கேட்காத நான்கு நாளுக்கும்தான் அந்தத் தொகை. அது சுகமாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் என் அறையைத் துடைத்த பெண், விருந்தினர் இருக்கும் நேரத்தில் பணியாளர்கள் மணலுக்கு இறங்கக்கூடாது என்றார். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை அரசு தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீட்டர் வரை, வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டத் தடை விதித்தது. சுற்றுலா விடுதிகளுக்கு விலக்குக் கிடைத்தது. தடை பின்னர் தளர்ந்தது என்றாலும், கரை யாருக்கு என்ற கேள்விக்கு ஓர் அரசு எழுத்தில் தந்த பதில் அது. என் தனிமை அந்தப் பதிலின் நிழலில்தான் கிடைத்தது. வாடகைக்கு எடுத்த விடுதலையை விடுதலை என்று முழுமனதோடு சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கரை என்பது வேலையிடம். ஏலத்தில் மீன் எடுக்க, ஐஸ் போட, கருவாடு காயவைக்க, கூடை சுமக்க. மாசி மகத்தன்று சாமி கடலாட வரும்போது கூட்டத்தோடு ஒரு முழுக்கு. அதைத் தவிர என் அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்து நான் கண்டதில்லை. பையன்களோ சிறு வயதிலேயே அலையில் விழுந்து புரண்டு நீந்தக் கற்றார்கள். அவர்கள் பொழுது அது, யாரும் கணக்குக் கேட்கவில்லை.

அந்தக் கணக்கின் விலை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. ஆக்ஸ்ஃபாம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே சொல்லித்தரப்பட்டன என்றும் அந்த அறிக்கை சொன்னது. நீச்சலை யாரும் கூடையோடு நின்று கற்பதில்லை. வெட்டிப் பொழுது என்று நாம் பழிக்கும் நேரத்தில்தான் உடல் நீரைப் பழகுகிறது. அந்தப் பொழுது பெண்ணுக்கு மறுக்கப்பட்டபோது, உயிர் பிழைக்கும் வழிகளில் ஒன்றும் கூடவே மறுக்கப்பட்டது.

“ரொம்ப உழைச்சிட்டே, போய் ஓய்வெடு” என்று சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஓய்வு உழைப்புக்குக் கூலி என்றால், தன் உழைப்பே கணக்கில் வராத பெண்ணுக்கு அந்தக் கூலி என்றைக்கு வரும்? வீட்டு வேலைக்கு மாலை ஆறு மணி என்று ஒன்று கிடையாதே. ஆகவே ஓய்வைச் சம்பாதிக்க வேண்டியதாக வைத்திருக்கும் வரை, சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்கள் எங்காவது போய் அதை வாங்கிக்கொள்வோம். மற்றவர்களுக்கு மாசி மகம் மிஞ்சும்.

கடலோரப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்போம். சாயங்காலம் படகு நிழலில் பையன்கள் கும்பலாக உட்கார்ந்திருக்கும் அதே மணலில் பெண்களும் உட்காரத் தொடங்க வேண்டும். முதல் நாள் யாராவது வந்து “இங்க என்ன வேலை?” என்று கேட்பார்கள். ஒரு வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டு, எழுந்துவிடாமல் இருப்போம்.