தனிமைச் சிந்தனையும் தனிக் குடும்பமும்

பன்னிரு அநுப்பிரேட்சைகளுள் நான்காவது ஏகத்துவம். உயிர் தனியே பிறந்து, தனியே இறந்து, தன் வினைப்பயனைத் தானே நுகர்கிறது என்று இடைவிடாது எண்ணுதல் அது. அண்மைக் காலமாக நம் இல்லங்களில் இச்சிந்தனை புதியதொரு பொருளில் வழங்கக் கேட்கிறோம். "அவரவர் வினை அவரவர்க்கு, ஊரில் பெற்றோர் தனித்திருப்பதற்கு நாங்கள் என்ன செய்ய இயலும்?" என்கின்றனர், உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்ற நம்மவர் சிலர்.

அவர்கள் சென்றதைக் குறை கூறோம். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களில் ஐந்து பங்காகப் பிரிந்த நிலம் ஒரு பங்காளிக்கும் சோறிடாது. கூட்டுக் குடும்பத்தைப் பொன்னுலகமாகப் புகழ்வதும் உண்மையன்று. பொழுது சாயுமுன் வீட்டார் அனைவரும் உண்டு முடித்தனர். அதற்காகப் பிற்பகல் முழுதும் அடுப்படியில் வெந்த மருமகள்மாரை எவரும் கேட்டதில்லை. மேலும், மாலைக்குப் பின் உலையே ஏறாத வீட்டில் இரவுண்ணாதிருப்பது பெரிதும் வழக்கமே. இன்று எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணொருத்தி, ஐந்தரை மணிக்கே அலுவலகத்தில் உணவுப் பெட்டியைத் திறந்து உண்டு விரதம் காப்பாளாயின், அவள் விரதம் அவள் பாட்டியினுடையதினும் கடியது என்றே கருதுகிறோம்.

எனவே குடும்பம் சிறுத்ததன்று நம் வருத்தம். ஏகத்துவம் சாக்காக்கப்படுவதே வருத்துகிறது. மகன் வந்து காப்பான் என்னும் பற்றை முதியவர் விடுதற்கு அது துணை செய்யும். அதனையே மகன் தந்தைக்கு எடுத்துரைப்பது எவ்வாறு முறையாகும்?

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய சிட்சா விரதங்கள் நான்கனுள் வையாவிருத்தியத்தையும் வைத்தார். இடர் களைதலும் கால் பிடித்துவிடுதலும் அதனுள் அடங்கும். அது அடக்கமுடைய துறவியர்க்குச் செய்யும் தொண்டன்றோ எனலாம். மெய்யே. ஆயினும் எழுபது வயதில், நீரை வடிகட்டிப் பருகி, அட்டமி சதுர்த்தசிகளில் உபவாசமிருக்கும் தாயும் அடக்கம் பயின்றவளே. முனிவர் சங்கம் வருகையில் விடுப்பெடுத்து ஓடிவரும் நாம், அவள் முழங்கால் வலிக்கு விடுப்பெடுத்த நாட்களை எண்ணிப் பார்க்கலாம்.

அழைத்தும் அவர்கள் நகருக்கு வரவில்லை என்பர். நாள்தோறும் ஜினாலயம் வணங்கிய பின்னரே உண்பவர், ஆலயமில்லாத தெருவில் நான்காம் மாடியில் வாழ ஒப்பார். அவர் வாராவிடினும் நாம் செல்லலாம். சில குடும்பங்களில் உடன்பிறந்தோர் முறைவைத்து, சதுர்த்தசிதோறும் ஒருவர் ஊர் சென்று, மறுநாள் பாரணையில் தாயுடன் அமர்ந்து உண்டு திரும்புகின்றனர். செலவு, பேருந்துக் கட்டணமே.