யார் பெருமை, யார் பயம்?

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கோவில்களில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். பெருமை, அச்சம், கவலை. மூன்றையும் விடு, விசுவாசம் கொண்டால் தானாக உதிர்ந்துவிடும் என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் இதையே மைக்கும் கைதட்டலுமாகச் சொல்வார்கள், கத்தோலிக்கக் கோவிலில் சாவகாசமாகச் சொல்வார்கள். பட்டு உடுத்தி முன்வரிசையில் இருப்பவருக்கும், சித்தாள் வேலை முடிந்து அவசர அவசரமாகக் குளித்துவிட்டுக் கடைசியில் வந்து குந்துகிறவருக்கும் ஒரே மருந்து. நோய் ஒன்றுதானா என்று யாரும் கேட்பதில்லை. கிறித்தவச் சேரியில் பிறந்து, காரைக்குடியில் தமிழ் படித்து, பத்துப் பன்னிரண்டு வருஷமாக இயக்க வேலை பார்த்துவரும் நான் இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது. விசுவாசத்தைக் கேலி பண்ணுவது என் நோக்கமல்ல. கேலி பண்ணிவிட்டு நகர்ந்துபோவது சுலபம். எங்கள் சனம் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறை பிழைத்திருக்கிறது.

முதலில் பெருமை. எங்கள் பகுதியில் பெருமை என்றால் என்ன என்பதற்கு எழுத்துப்பூர்வமான பட்டியலே உண்டு. சிவகங்கை அப்போது இராமநாதபுரம் ஜில்லாவுக்குள் இருந்தது. 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அதைத் தன் அறிக்கையிலேயே பதிந்து வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கட்டக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு கூடாது. இதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் பணியவில்லை என்றதும் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியக் குதிர்களை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931 ஜூனில் இன்னும் பதினொரு தடைகள் வந்தன. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மாடு மட்டும் மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை குதிரையில் போகக்கூடாது. பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலை ஒருதரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். மனுசன் மனுசனாக இருக்கத் தேவையான அத்தனையும் அதில் 'பெருமை' என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 'பறப்பயலுக்குத் திமிரு' என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தத் திமிரின் உள்ளடக்கம் ஒரு குடை, ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு பித்தளைச் செம்பு. 1934இல் காந்தி தேவகோட்டைக்கு வந்து நாட்டார்களோடு பேசிப் பார்த்தார். பேச்சு நடந்தது. பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 1979இல் உஞ்சனையில் கோவில் திருவிழா உரிமைக்காக நின்ற ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள். 2018 மே மாதம் கச்சநத்தத்தில் மூன்று பேர் கொலையானார்கள். அங்கே புகைந்துகொண்டிருந்த விஷயங்களில் ஒன்று, எதிரே ஆதிக்கச் சாதிக்காரர் வரும்போது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. 2022இல் அந்த வழக்கில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2025 பிப்ரவரியில் மானாமதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் வண்டி ஓட்டியதற்காக என்றார்கள் குடும்பத்தார். 1931இல் குதிரை, 2025இல் புல்லட்.

இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு எங்களிடம் 'பெருமையை விடு' என்று பிரசங்கம் செய்வதற்கு என்ன அர்த்தம்? அகஸ்தீனார் காலத்திலிருந்து கிறித்தவ இறையியல் செருக்கைத்தான் பாவங்களுக்கெல்லாம் வேர் என்று வைத்திருக்கிறது. 1960இல் அமெரிக்காவில் வேலரி செய்விங் என்ற பெண் ஒரு கட்டுரை எழுதினார். தன்னை உயர்த்திக்கொள்வதுதான் ஆதிப் பாவம் என்பது அதிகாரத்தில் உள்ள ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்த வரையறை. பெண்களின் இடறல் வேறு, அவர்கள் தன்னை இல்லாமலே ஆக்கிக்கொள்கிறார்கள் என்று வாதிட்டார். பெண் என்ற இடத்தில் தலித் என்று போட்டுப் படித்தால் எங்கள் கதை. எங்கள் ஆட்களிடம் நான் பார்த்த பாவம் - பாவம் என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம் - நிமிர்ந்தது அல்ல, குனிந்தே பழகியது. துண்டு தோளிலிருந்து தானாக இறங்கிக் கக்கத்துக்குப் போகிறது பாருங்கள், அது.

அதற்காக, பெருமை என்ற நோய் எங்களிடம் இல்லவே இல்லை என்றும் நான் சொல்லப் போவதில்லை. பள்ளர் பறையரைப் பார்க்கும் பார்வை, பறையர் சக்கிலியரைப் பார்க்கும் பார்வை, இதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது நம் மேடைகளிலேயே சிலர் பேசிய பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை அண்ணன், தியாபிலஸ் அப்பாவு, 'ஒரு உலை' என்று ஒரு கருத்தைப் பாட்டும் வழிபாடுமாகச் சொல்லிவந்தார். தனித்தனி உலை வைக்காமல் ஒரே உலையில் பொங்கி எல்லாரும் தின்பதுதான் நற்கருணை என்பது அவர் கட்சி. அவர் 2005இல் செத்துப்போனார். கோவிலில் ஒரே அப்பத்தை வாங்கித் தின்றுவிட்டு வெளியே வந்ததும் தனித்தனி உலைக்குப் போகிற நமக்குத்தான் பெருமையைப் பற்றிய பிரசங்கம் கொஞ்சம் தேவை. ஆனால் அதை இந்த விஷயத்துக்காக யாரும் செய்து நான் கேட்டதில்லை.

அச்சத்துக்கு வருவோம். எங்கள் அச்சம் மனப்பிராந்தி அல்ல. குடிசை எரிந்தது கண்ணால் பார்த்த விஷயம். அப்படியிருக்க, பயப்படுவது விசுவாசக் குறைவு என்று சொன்னால், எரிந்ததற்கும் நாமே பொறுப்பு என்றாகிவிடுகிறது. சுவிசேஷத்தையே எடுத்துக்கொள்வோம். பிடிபடுவதற்கு முந்தின ராத்திரி ஒலிவத் தோட்டத்தில் இயேசு பயந்தார். இரத்தமாக வேர்க்கும் அளவுக்குப் பயந்தார் என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். பயம் பாவமென்றால் அந்தப் பக்கத்தை என்ன செய்வது? அவர் சீடர்களிடம் கேட்டது என்ன? கூட இருங்கள், தூங்காதீர்கள் என்றுதான். அந்தச் சின்ன உதவி கிடைக்கவில்லை, மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். இயக்க வேலையில் நான் கண்டதும் இதுதான். சாட்சி சொல்லப் போகிற பெண்ணிடம் 'தைரியமா இரும்மா' என்று நூறுமுறை சொன்னால் ஒன்றும் நடப்பதில்லை. கூட நாலு பேர் பஸ் ஏறி, கோர்ட்டு வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தால் அவள் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள்.

தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஓரியூர் இருக்கிறது. போர்த்துகீசியரான அருளானந்தர் சாமியாரை 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கே தலையை வெட்டினார்கள். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. தடியத்தேவர் என்ற சிற்றரசர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் கடலாயி என்பவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் போய் முறையிட்டார். அதிலிருந்து விவகாரம் முற்றியது. (கடலாயி பக்கத்து நியாயத்தை ஒரு பிரசங்கத்திலாவது கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.) சாவுக்கு முன்னால் சிறையிலிருந்து கரியைக் கரைத்து எழுதிய கடிதங்களில் அவர் கலங்கியதாகத் தெரியவில்லை. பெரிய மனுசர்தான். ஆனால் அச்சமின்மைக்கு உதாரணம் என்றால் கோவிலில் எப்போதும் அவர் ஒருவர்தானா? பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் இருந்தார். 1957 செப்டம்பர் 10ஆம் தேதி கலெக்டர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் முத்துராமலிங்கத் தேவருக்கு எதிரில் சரிசமமாக உட்கார்ந்தார். மறுநாள் ராத்திரி கொன்றார்கள். இம்மானுவேல் என்றால் கடவுள் நம்மோடிருக்கிறார் என்று அர்த்தம். அவருக்காகத் தமிழகம் முழுக்கச் செப்டம்பர் 11இல் சனம் திரள்கிறது. எங்கள் பக்கத்துக் கோவில் எதிலும் அன்றைக்கு மணி அடித்து நான் கேட்டதில்லை.

அப்படியென்றால் விசுவாசம் எங்களுக்கு ஒன்றுமே தரவில்லையா? தந்திருக்கிறது. என் அப்பத்தா செட்டிமார் வீடுகளில் வேலை பார்த்தவர். பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த வீடுகளில், கொல்லைப் பக்கம் வந்து கொல்லைப் பக்கமே போனவர். எழுதப் படிக்கத் தெரியாது. செபமாலை மட்டும் பிசகாமல் சொல்லும். ஒருநாள் ஏதோ ஒரு பேச்சில், 'ஏன் அப்பத்தா, இவ்வளவு நேரம் மண்டி போட்டா முட்டி வலிக்காதா?' என்று கேட்டேன். 'வலிக்கத்தான் செய்யும். இங்கன ஒருத்தருக்கு மண்டி போட்டுட்டேன்ல, இனி வேற எவனுக்கு நான் மண்டி போடணும்?' என்றார். இறையியல் படித்த பெரியவர்களிடமெல்லாம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அவரளவில் தாழ்ச்சி என்பது ஒரே இடத்தில் செலுத்தித் தீர்த்துவிட்ட கடன். மீதி இடங்களில் தலைநிமிர அதுவே அனுமதி. விசுவாசம் அச்சத்தைப் போக்குவதாக இருந்தால் இந்த வழியில்தான் போக்க முடியும் என்று நினைக்கிறேன்.

சபை அந்த அனுமதியை எந்த அளவுக்கு மதித்தது என்பது வேறு விஷயம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதை ஒட்டிக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. 2016இல் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அதன்படியே 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது கன்னியர் மடத்துக்குள்ளேயே கீழ்ப்படிதலும் பொறுமையும் யார் தலையில் சுமத்தப்படுகின்றன என்பது வெளியே வந்தது. அதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டவர்கள் சாதியைப் பார்த்துக் கோபப்படவில்லை, எழுதியவரைப் பார்த்துக் கோபப்பட்டார்கள்.

கடைசியாகக் கவலை. காகத்தையும் காட்டுப்பூவையும் காட்டி, நாளைக்கு என்ன செய்வோம் என்று கலங்காதீர்கள் என்றார் இயேசு. எதிரில் உட்கார்ந்து கேட்டவர்கள் கலிலேயாவின் குத்தகைக்காரர்கள், மீன்பிடிகாரர்கள், அன்றாடக் கூலிகள். வரி கட்டி ஓய்ந்த சனம். அவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த செபத்தில் கேட்பது அன்றன்றைக்கு வேண்டிய சோறு. குதிர் நிறைய நெல் கேட்கச் சொல்லவில்லை. குதிர் கட்டியவனைப் பற்றி அவர் சொன்ன கதை வேறு, அவன் ராத்திரியே செத்துப்போகிறான். ஆக, கவலைப்படாதே என்ற பேச்சு கூலிக்காரனைக் கண்டிப்பதற்காகப் பிறந்தது அல்ல. திராட்சைத் தோட்டத்துக் கதையில் கடைசி மணிக்கு வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைக்கிறதே, அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பேச்சு. கூலியைப் பேசாமல் கவலையை மட்டும் பேசுவது நாலணா கொடுத்த மிராசுதாரருக்குத்தான் தோதாக இருக்கும்.

எங்கள் பிள்ளைகளின் கவலைக்குத் தேதி உண்டு. 1950 ஆகஸ்ட் 10. அன்றைக்கு வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் எங்களைப் பிற்பட்டோர் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தீண்டாமை இல்லை என்று கணக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைக்கு எட்டாது. ஒரே தெருவில், ஒரே கும்பல், பக்கத்துப் பக்கத்து இரண்டு வீட்டைக் கொளுத்தினால் சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு வேறு குற்றங்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னது. 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதனால்தான் எங்கள் சேரிகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் ஒன்று, கோவிலில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற பிள்ளை திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் இந்து. போன வருஷம் எங்கள் படிப்பு மையத்துக்கு வந்த ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டது: 'அப்போ நான் பொய் சொல்றேனா? சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொல்லணுமா?' சாமியாரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லித் தட்டிக்கழிக்க எனக்கு மனசு வரவில்லை. பொய் எழுதியிருப்பது உன் சான்றிதழில் இல்லை, 1950இல் எழுதிய அந்த மூன்றாவது பத்தியில் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'சரி, ஆனா ஆர்.ஐ. விசாரிக்க வீட்டுக்கு வரும்போது மாதா படத்தைக் கழட்டி வைக்கணும்னு அம்மா சொல்லுது. அதைக் கழட்டுறது யாரு?' என்று கேட்டது.