மறக்கடித்தல்

திருச்சிப் பக்கம் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவதைப் 'பால் மறக்கடிக்கிறது' என்பார்கள். நிறுத்துவது, குறைப்பது என்று வேறு சொற்கள் இருக்க, நம் மொழி மறதியைத் தேர்ந்திருக்கிறது. அதுவும் இன்னொருவர் வரவழைக்கும் மறதி. சொல்லுக்குள்ளேயே கொஞ்சம் சூழ்ச்சி இருக்கிறது. செய்முறையும் அப்படித்தான். மார்க்காம்பில் வேப்பெண்ணெயோ அரைத்த வேப்பிலையோ தடவிக்கொள்வது. குழந்தை ஓடி வரும், வாய் வைக்கும், முகத்தைச் சுளிக்கும். "ஐயய்யோ கசக்குதா? பாப்பாவோட பால காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சே!" ரெண்டு மூணு நாளில் காரியம் முடிந்துவிடும் என்பது பாட்டிகளின் வாக்கு.

பேச்சுகூடச் சரியாக வராத குழந்தையிடம் சொல்லப்படும் இந்தப் பொய் சரியா? கேள்வி சில்லறையாகத் தெரியலாம். ஆனால் 1843இல் வெளிவந்த 'அச்சமும் நடுக்கமும்' நூலின் தொடக்கத்தில் கீர்க்கெகார்ட் இதே காட்சியைத்தான் கொண்டுவந்து வைக்கிறார். மகன் ஈசாக்கைப் பலியிட மலையேறும் ஆபிரகாமின் கதையை நான்கு விதமாகச் சொல்லிப் பார்க்கிறார் அவர். ஒவ்வொன்றின் முடிவிலும் பால் மறக்கடிக்கும் ஒரு தாய் வருகிறாள். முதல் தாய் தன் மார்பைக் கறுப்பாக்கிக்கொள்கிறாள். மார்புதான் மாறிவிட்டது, அம்மா அப்படியேதான் இருக்கிறாள் என்று குழந்தை நம்ப வேண்டும், அவ்வளவுதான். டென்மார்க்கில் கறுப்பு, ஸ்ரீரங்கத்தில் கசப்பு.

கல்யாணமே செய்துகொள்ளாத மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது என்ற ஆச்சரியம் ஒருபக்கம் இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. அந்த முதல் கதையில் ஆபிரகாம் தன்னையே கொடியவனாகக் காட்டிக்கொள்கிறான். மகனுக்குக் கடவுள்மேல் நம்பிக்கை போய்விடக் கூடாதென்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். தாய் செய்வது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. 'இனிமே கிடையாது' என்று முடிவெடுத்தவள் அவள். பழி மட்டும் மார்புக்கும் காக்காவுக்கும் போகிறது. நேற்றுவரை மார்பு வேறு, அம்மா வேறு என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவே தெரியாது. முதல் முறையாக அந்தப் பிரிவினையைக் கற்றுக்கொடுப்பதே இந்தக் கசப்புதான்.

அன்பினால் சொல்லும் பொய்யை நம் ஊர் ஒன்றும் வெறுக்கவில்லை. மலைக்கோட்டையில் இருக்கும் சாமியின் பெயரே தாயுமானவர். ரத்னாவதிக்குப் பிரசவ வலி, காவிரியில் வெள்ளம், அம்மா அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவன் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. ஆள்மாறாட்டம்தான். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு இன்றும் அங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள். ஆனால் அந்தப் பொய், வர முடியாத தாயை வரவைத்த பொய். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வாசலில் வந்து நின்றதும் அது தானே வெளிப்பட்டும் விட்டது. வேப்பெண்ணெய்ப் பொய், பக்கத்திலேயே இருக்கும் தாயின் ஒரு பகுதியைக் காணாமல் அடிக்கிறது. அதை யாரும் பிறகு வந்து அவிழ்ப்பதுமில்லை.

ஆகவே என் கட்சி, "இப்ப வேணாண்டா கண்ணு" என்று அம்மாவே சொல்லிவிடுவது. மடியை மூடாமல் பாலை மட்டும் மறுப்பது. பகலில் ஒரு வேளையை விட்டுவிட்டு, சில நாள் கழித்து அடுத்த வேளையை விடுவது. தூங்கப்போகும்போது கொடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது. குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும், குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும் என்பதால் உடம்புக்கும் இதுவே சௌகரியம். ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டி, மார் கல்லாகி, சிலருக்குக் காய்ச்சல்வரை போகும். என்ன, குழந்தை அழும். அழுகைக்குக் காரணம் தான்தான் என்று தெரிந்தும் அம்மா அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. குழந்தைக்கு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2017இல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தந்தது 26 வாரச் சம்பள விடுப்பு. 2021 முதல் தமிழக அரசு ஊழியர்களுக்கு 12 மாதம். சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் பூக்கட்டிக் கொடுப்பவளுக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் எந்தக் கணக்கும் கிடையாது. மூன்றே நாளில் முடித்தாக வேண்டியவளிடம் போய் 'பொய் சொல்லாதே' என்று நான் சொன்னால், அது என் வசதியின் பேச்சு. அவள் கையில் உள்ள வேப்பெண்ணெய்க்குப் பாதிப் பொறுப்பு அவளுக்கு நாள் கொடுக்காதவர்களுடையது.

கீர்க்கெகார்ட்டின் மூன்றாவது தாய் பாலை நிறுத்தும்போது தானும் துக்கப்படுகிறாள். அவளுக்கு நம்மிடம் ஒரு பக்குவம் உண்டு: மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது. பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஹார்மோனைக் குறைப்பதில் மாத்திரை முந்தினாலும், பால் வற்றுவதில் பூ சளைக்கவில்லை.

பிள்ளைக்குக் கசப்பு, அம்மாவுக்கு மணம். என்றாலும் உடம்பை அவ்வளவு சீக்கிரம் ஏமாற்ற முடிவதில்லை. பால் மறந்த பிள்ளை தூக்கத்தில் அம்மாவின் ரவிக்கைக்குள் கையை விட்டுக்கொண்டுதான் கண் மூடுகிறது. நிறுத்திப் பத்து நாள் ஆனவள் சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். யார் வீட்டுக் குழந்தையோ வீறிட்டு அழுகிறது. இவள் அவசரமாக முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறாள்.