அழைத்து வரப்பட்ட குருவி

கூரை இடுக்கில் சிட்டுக்குருவி கூடு கட்டினால் அதைக் கலைப்பது பாவம் என்றே நம் வீடுகளில் சொல்லித் தந்தார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, பறவைகளை நேசிப்போர் பலரே அதே குருவியின் கூட்டைக் கலைக்கிறார்கள், முட்டைகளை அழிக்கிறார்கள், பொறி வைத்துக் கொல்வதும் உண்டு. ஒரே பறவை இங்கே விருந்தாளி, அங்கே குற்றவாளி. இது எப்படி நேர்ந்தது?

குருவி தானாகக் கடல் கடந்து அங்கே சென்றதன்று. 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து, நியூயார்க்கை அடுத்த புரூக்லினில் விடுவித்தார்கள். நிழல்தரும் மரங்களைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. குருவி அவற்றைத் தின்று தீர்க்கும் என்று நம்பினார்கள். குஞ்சுக்குத்தான் அது புழு ஊட்டும். வளர்ந்தபின் அதன் முதன்மை உணவு தானியமே. (முறத்தருகே குருவியை விரட்டிய நம் பாட்டிமாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்!) குதிரைகள் நிறைந்த அந்நாளைய வீதிகளில் சிந்திய தீவனமும் இலத்தியில் கிடந்த மணிகளும் அதற்கு விருந்தாயின. பிற நகரங்களும் ஆவலுடன் வாங்கி விடுவித்தன. அரை நூற்றாண்டுக்குள் அது கீழைக் கடற்கரையிலிருந்து ராக்கி மலைகள் வரை பரவிவிட்டது.

1870களிலேயே எலியட் கௌஸ் என்ற பறவையியலார் அதைப் பழித்தார். தாமஸ் புரூவர் அதற்காக வாதாடினார். பின்னர் மிச்சிகன், இல்லினாய் மாநிலங்கள் குருவித் தலைக்குப் பரிசுப் பணமே அறிவித்தன.

தீங்கு பொய்யன்று. 'புளூபேர்ட்' எனப்படும் நீலப் பறவை மரப்பொந்துகளில் வாழ்வது. குருவி அப்பொந்தினுள் நுழைந்து முட்டைகளை உடைக்கும். அடைகாக்கும் தாயையும் கொத்திக் கொல்லும். அக்காட்சியைக் கண்டவர் குருவியின் கூட்டைக் கலைத்தால், தொலைவில் அமர்ந்து அவரைக் கண்டிக்கும் உரிமை எனக்கில்லை.

என் மனம் ஒப்பாதது அவர்களுள் சிலர் வழங்கும் சொற்களை. 'அந்நியன்', 'ஆக்கிரமிப்பாளன்', 'கொலைகாரன்' என்கிறார்கள். கூண்டிலடைத்துக் கொணர்ந்தவன் மனிதன். பொந்துள்ள மரங்களை வெட்டி, இடத்துக்குப் போட்டி மூளச் செய்தவனும் அவனே. தன் பிழையைத் திருத்த ஓர் உயிரை அகற்ற நேரலாம். அதைத் தண்டனை என்று அழைப்பது வேறு. தண்டனை என்றவுடன் குற்றம் குருவியின் தலையில் ஏறிவிடுகிறது, நம் கணக்கும் தீர்ந்துவிடுகிறது.

1918ஆம் ஆண்டின் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தில் இக்குருவிக்கு இடமில்லை. ஆகவே கூட்டை அகற்றுவோர் அச்சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் முட்டைகளில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கையில் அந்தக் கை சற்றே தயங்குமாயின், அதைப் பலவீனம் என்று நான் கூறமாட்டேன்.